சீனிக் குளிசையும் மனச்சிதைவு நோயும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாகப் பேசியது பத்தாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில். அன்று பாதியில் மறந்துபோய் அழுதுகொண்டே இறங்கினேன். இன்று அப்படி நடக்காமலிருக்கக் கடதாசியில் எழுதியே கொண்டு வந்திருக்கிறேன்.

"டாக்டராக இருக்கிற பிள்ளை, உடம்புக்கு நல்லது ஏதாவது பேசு" என்று செயலாளர் அக்கா கேட்டார். நான் வைத்தியர்தான், ஆனால் மனநோய்க் கிளினிக்கில் வேலை செய்கிறவள். ஆகவே நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசாத ஒரு நோயைப் பற்றியும், எல்லா வீட்டு அலுமாரியிலும் இருக்கிற ஒரு குளிசையைப் பற்றியும் சேர்த்துப் பேசப் போகிறேன். நோய், மனச்சிதைவு. ஆங்கிலத்தில் சிசோஃப்ரீனியா என்பார்கள். குளிசை, சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற மெட்போமின்.

முதலில் என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இல்லையென்றால் நான் இந்தத் துறைக்கு வந்திருக்க மாட்டேன்.

பெரியம்மா நல்ல கொழுந்துக்காரி. மடுவத்தில் அவருடைய கூடை எப்போதும் முதல் மூன்றுக்குள் இருக்கும். முப்பது வயது தாண்டியபோது மலையில் யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். ஃபெக்டரிப் பக்கம் தனியாகப் போனவளை ரோதைமுனி பிடித்துவிட்டது என்றார்கள். பூசாரி வந்தார், உடுக்கடித்தார், கோழி போனது, சத்தம் போகவில்லை. கடைசியில் ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொடுத்த குளிசையில் மூன்று மாதத்தில் தெளிந்து மறுபடியும் பெரட்டுக்கு வந்தார். லயமே அதிசயித்தது.

ஆனால் அதே குளிசை பெரியம்மாவுக்கு அடங்காத பசியையும் கொடுத்தது. நடுச்சாமத்தில் எழும்பிக் கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி சுடுவார். ஒரு வருடத்தில் உடம்பு ஊதிவிட்டது. "வைத்தியம் பார்த்துக் கொழுத்திட்டா" என்று பீலிக்கரையில் சிரித்தார்கள். மலை ஏற மூச்சு வாங்கியது, கிலோ குறைந்தது, பல நாள் அரைப் பேர்தான் விழுந்தது. ஒரு நாள் குளிசையை நிறுத்திவிட்டார். சத்தம் திரும்பி வந்தது.

அப்போது நான் இந்தப் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். "ஏன் பெரியம்மா குளிசைய நிப்பாட்டுனீங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "தலைக்குள்ள சத்தம் நின்னுச்சு புள்ள. ஆனா மலை ஏற முடியல. சத்தத்தோடயாவது மலை ஏறிப்புடலாம். மலை ஏறாம என்னத்த திங்கிறது?"

மறுபடி குளிசை, மறுபடி நிறுத்தம் என்று பத்து வருடம் போனது. பிறகு காலில் ஆறாத புண் வந்தது. அப்போதுதான் சீனி வருத்தம் இருப்பதே தெரிந்தது. நான் மருத்துவக் கல்லூரியில் இருந்தபோது, ஐம்பது வயது நிறைவதற்கு முன்பே இறந்துபோனார். அவர் பறித்த கொழுந்தை நாளுக்கு மூன்று தரம் தராசில் போட்டுக் கணக்கு எழுதினார்கள். அத்தனை வருடத்தில் பெரியம்மாவை ஒருவரும் தராசில் ஏற்றவில்லை. அவருடைய கிளினிக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். எடை என்று ஒரு எண்கூட அதில் இல்லை.

இது என் பெரியம்மாவின் கதை மட்டுமல்ல. மனச்சிதைவு உள்ளவர்கள் உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆயிரம் பேர் வாழும் ஒரு தோட்டப் பிரிவென்றால் மூன்று பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருடம் முன்னதாகவே இறக்கிறார்கள். தற்கொலை ஒரு காரணம்தான். ஆனால் அதிகமானோரைக் கொண்டுபோவது மாரடைப்பு, நீரிழிவு போன்ற சாதாரண உடல் நோய்கள். மனதுக்கு மருந்து கொடுக்கிறோம், உடம்பைக் கவனிக்க மறந்துவிடுகிறோம்.

மருந்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1952இல் பாரிஸில் ஜோன் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு வைத்தியர்கள் குளோர்புரோமசினைக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் இந்த நோயாளிகள் வாழ்நாள் முழுவதும் விடுதிக் கதவுக்குள் கிடக்காமல் வீடு திரும்ப முடிந்தது. பின்னால் வந்தவற்றில் குளோசபின், ஒலன்சபின் இரண்டும் பலமானவை. வேறு மருந்துக்கு அசையாத நோய்க்கும் குளோசபின் கேட்கும். ஆனால் எடையை அதிகம் கூட்டுபவையும் இவை இரண்டுதான். "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்று மூளை சொல்லும் சமிக்ஞையை இவை மங்கவைக்கின்றன. இன்சுலின் வேலை செய்வதையும் கெடுக்கின்றன. பெரியம்மா நடுச்சாமத்தில் ரொட்டி சுட்டது பேராசையால் அல்ல. அது மருந்தின் வேலை. அதை அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது சீனிக் குளிசைக்கு வருகிறேன். ஒரு நோய்க்கென்று வந்த மருந்தை இன்னொரு நோய்க்குப் பயன்படுத்துவது ஒன்றும் புதிதல்ல. நம் அம்மாமார் எந்தப் பொருளையும் வாங்கிய வேலையோடு விட்டதில்லையே. மாப் பை தலையணை உறையாகும், பால்மா டின் அரிசி அளக்கும். மருத்துவத்திலும் அப்படித்தான். குளோர்புரோமசினை முதலில் கையில் எடுத்தவர் ஹென்றி லபோரி என்ற சத்திரசிகிச்சை வைத்தியர். சத்திரசிகிச்சையின்போது நோயாளியின் உடல் அதிர்ச்சியைக் குறைப்பதற்காகத்தான் அவர் அதைப் பயன்படுத்தினார். மெட்போமினின் கதையும் இதுபோன்றதே. ஐரோப்பாவில் முளைக்கும் கலேகா என்ற செடியின் சத்திலிருந்து அதன் வழி தொடங்குகிறது. பிலிப்பைன்ஸில் யூசெபியோ கார்சியா என்ற வைத்தியர் இன்புளுவென்சாக் காய்ச்சலுக்கு அதைக் கொடுத்தார். இரத்தத்தில் சீனி குறைவது கவனிக்கப்பட்டது. அதன் பிறகு 1957இல் பிரான்சில் ழான் ஸ்டேர்ன் அதை நீரிழிவு மருந்தாக வெளியிட்டார். காய்ச்சல் மருந்து சீனி மருந்தான கதை இது.

ஆனால் இந்த வழியில் ஒரு பெரிய பிழையும் நடந்திருக்கிறது. நீரிழிவு மருந்தை மனச்சிதைவுக்குக் கொடுப்பது இது முதல் தடவை அல்ல.

இன்சுலின் 1921இல் கனடாவின் டொரொன்டோவில் கண்டுபிடிக்கப்பட்டது. 1933 அளவில் வியன்னாவில் மன்பிரெட் சாக்கெல் என்ற வைத்தியர் மனச்சிதைவு நோயாளிகளுக்கு அதே இன்சுலினை அளவுக்கு மீறி ஏற்றினார். இரத்தத்தில் சீனி விழுந்து நோயாளி நினைவு தப்பிப் போவார். பிறகு சீனிக் கரைசல் கொடுத்து எழுப்புவார்கள். வாரக் கணக்கில், திரும்பத் திரும்ப இப்படிச் செய்தார்கள். குணமாகிறது என்று உலகெங்கும் பரவியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கணித மேதை ஜோன் நாஷுக்குக்கூட அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை நடந்தது. எழும்பாமலே போன நோயாளிகளும் உண்டு. இது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று முறையாக ஒப்பிட்டுப் பார்க்க 1957 வரை ஆனது. லண்டனில் ஒரு பகுதியினருக்கு இன்சுலினாலும் மற்றப் பகுதியினருக்கு வேறொரு மருந்தாலும் நினைவு தப்ப வைத்து ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. இன்சுலின் குணப்படுத்தவில்லை என்பது அப்போதுதான் வெளிச்சமானது. தனிக் கவனமும் தாதியரின் அன்பும்தான் ஓரளவு உதவியிருக்க வேண்டும் என்று பலரும் கருதினார்கள்.

இருபது வருடத்துக்கு மேல் ஒரு தவறு சிகிச்சையாக நடந்திருக்கிறது, சகோதரிகளே. ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பியதன் விலை அது. ஆகவே "நீரிழிவு மருந்து மனநோயைத் தீர்க்கிறது" என்று யாராவது சொன்னால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?" என்பதுதான்.

மெட்போமின் விஷயத்தில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சந்தோஷமான செய்தி, அதை நம் நாட்டிலேயே செய்திருக்கிறார்கள்.

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் வருணி டி சில்வாவும் அவருடைய சக வைத்தியர்களும் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனநோய் மருந்து தொடங்கிய பிறகு எடை பத்து சதவீதத்துக்கு மேல் கூடிய 66 பேரை எடுத்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மெட்போமின், மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெற்றுக் குளிசை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தபோது, மெட்போமின் எடுத்தவர்கள் சராசரியாக ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்கள் ஒரு கிலோ கூடியிருந்தார்கள்.

"இரண்டரைக் கிலோ வித்தியாசம்தானா?" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வருடம் அதே குழுவினர் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். 12 ஆய்வுகள், 743 நோயாளிகள். நீண்ட காலம் மருந்தெடுத்து எடை கூடியவர்களில் மெட்போமினால் கிடைத்த வித்தியாசம் ஏறத்தாழ 2 கிலோ. நோய் முதல் தடவை வந்து சிகிச்சை தொடங்கியவர்களில் ஏறத்தாழ 6 கிலோ. இந்த இடத்தைக் கவனியுங்கள். ஏறிய எடையை இறக்குவது கடினம், ஏறாமல் பிடிப்பது இலகு. முப்பது வயதில் பெரியம்மாவுக்கு அந்தக் குளிசை கிடைத்திருந்தால் என்று அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2024 முடிவில் அயர்லாந்து, கனடா, அவுஸ்திரேலியா நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். குளோசபின் அல்லது ஒலன்சபின் தொடங்கும்போதே மெட்போமினையும் தொடங்குவது பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது அது. வேறு மருந்தானாலும் முதல் வருடத்தில் எடை 3 சதவீதம் கூடினால் தாமதிக்கக் கூடாது என்கிறது. ஐம்பது கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு 3 சதவீதம் என்பது ஒன்றரைக் கிலோ. கண்ணால் பார்த்தால் தெரியாது. தராசில்தான் தெரியும்.

சரி, எடையைக் குறைக்கிறது, சீனியைத் தடுக்கிறது. மனச்சிதைவையே குணமாக்குமா?

இதை யோசிப்பதற்குக் காரணம் உண்டு. 1879ஆம் ஆண்டு, நம் சென் மேரிஸ் தேவாலய மயானத்தில் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரனை அடக்கம் செய்த அதே ஆண்டு, லண்டனில் ஹென்றி மோட்ஸ்லி என்ற மனநோய் வைத்தியர் தன் நூலில் ஒன்றைக் குறித்தார். மனநோய் உள்ள குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தென்படுகிறது என்றார். அப்போது இந்த மருந்துகள் ஒன்றும் இல்லை. 2017இல் லண்டன் ஆய்வாளர்கள், நோய் முதல் தடவை வந்து மருந்தையே தொட்டிராதவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவர்களிடமும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறி இருந்தது. மூளை நம் உடம்பின் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. அந்தச் சக்தியைக் கையாள்வதில் ஏற்படும் கோளாறும் நோயின் ஒரு வேர்தானோ என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

அந்த நம்பிக்கையில் வேறு நீரிழிவு மருந்துகளையும் சோதிக்கிறார்கள். இரானில் 40 நோயாளிகளுக்கு, வழக்கமான மருந்தோடு பயோகிளிட்டசோன் சேர்த்து எட்டு வாரம் கொடுத்தார்கள். யாரோடும் பேசாமல், எதிலும் பற்றில்லாமல் ஒடுங்கிப் போகிற நிலையில் சற்று முன்னேற்றம் கண்டார்கள். குரல் கேட்பதைவிடக் குடும்பத்தை அதிகம் வாட்டுவது அந்த ஒடுக்கம்தான் என்பது வீட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் 40 பேர் மிகக் குறைவு, எட்டு வாரம் மிகக் குறுகிய காலம். டென்மார்க்கில் லிரகுளூட்டைட் என்ற ஊசி மருந்தைக் குளோசபின் அல்லது ஒலன்சபின் எடுக்கும் 103 பேரிடம் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். 16 வாரத்தில் எடையில் 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம். பலருக்குச் சீனி அளவு இயல்புக்குத் திரும்பியது. அது பெரிய வெற்றி. ஆனால் அதுவும் உடம்புக்குக் கிடைத்த வெற்றிதான்.

ஆகவே என் பதில் இதுதான். மனச்சிதைவை நீரிழிவு மருந்து குணமாக்கும் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மனச்சிதைவு உள்ளவரை உயிரோடும் நடமாட்டத்தோடும் வைத்திருக்க அது உதவும். தன் குளிசையை வெறுத்து நிறுத்திவிடாமல் இருக்கவும் உதவும். குணமாக்கும் அற்புதத்துக்குக் காத்திருந்து, கையில் இருக்கிற உதவியைத் தவறவிட வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த உரையைக் கேட்டுவிட்டுப் போய் மாமியாரின் சீனிக் குளிசையில் இரண்டை எடுத்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மெட்போமின் தொடங்குமுன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று இரத்தம் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் வயிற்றோட்டம், குமட்டல் வரலாம். அதனால் சிறிய அளவில், சாப்பாட்டோடு தொடங்குவார்கள். நெடுங்காலம் எடுத்தால் விற்றமின் பி12 குறையலாம். கடுமையாகக் குடிக்கிறவருக்கு அது ஆபத்து. குடிப்பழக்கம் இருந்தால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரிகளுக்கு இன்னொன்று. இப்போது பெயர்பெற்றிருக்கும் எடை குறைக்கும் ஊசிகள் வயிற்றின் வேலையை மந்தமாக்கும். குளோசபினும் குடலை மந்தமாக்கும். இரண்டும் சேர்ந்தால் மலச்சிக்கல் உயிருக்கே உலை வைக்கலாம். வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் அதை இங்குள்ள உறவினருக்கு வாங்கி அனுப்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எடை கூடுகிறது என்று மனநோய்க் குளிசையைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். கிளினிக்கில் சொல்லுங்கள். மாற்று வழி இருக்கிறது.

என்ன கேட்க வேண்டும்? மூன்று கேள்விகள். எடை எவ்வளவு? இடுப்புச் சுற்றளவு எவ்வளவு? நம் பகுதி மக்களில் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும் ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் தாண்டினால் கவனம் தேவை. வெறும் வயிற்றில் சீனி எவ்வளவு? 100க்கு மேல் என்றால் எச்சரிக்கை, 126 அல்லது அதற்கு மேல் என்றால் மீண்டும் சோதித்து நீரிழிவா என்று உறுதிப்படுத்த வேண்டும். புது மருந்து தொடங்கினால் முதல் ஆறு வாரம் வாரா வாரம் எடை பாருங்கள். பிறகு மூன்று மாதத்தில், அதன் பிறகு குறைந்தது வருடத்துக்கு ஒரு தடவை. எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எழுத நேரமில்லை என்றால் நீங்களே எழுதுங்கள். நமக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்தது இந்தப் பாடசாலைதானே.

மெட்போமின் விலை உயர்ந்த மருந்தல்ல. அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கொடுக்கிற சாதாரணக் குளிசை. இல்லாமல் போவது, நிறுத்துப் பார்க்க ஒரு தராசும் கேட்டுப் பார்க்க ஒரு வாயும்தான்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக ஒரு கல்வெட்டு வைக்கலாம் என்ற யோசனை இருக்கிறது. வையுங்கள். அதோடு இந்தப் பள்ளத்தாக்கில் மனநோய்க் கிளினிக் நடக்கும் இடங்களுக்கு ஒரு நல்ல தராசும், ஓர் அளவு நாடாவும், சீனி பார்க்கும் ஒரு கருவியும் நம் சங்கத்தின் பெயரால் கொடுப்போம். முதல் தராசுக்கான பணத்தை இன்று பொருளாளர் அக்காவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், இடைவேளையில் என்னிடம் வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நானே எல்லார் முன்னாலும் என் பெரியம்மாவைப் பற்றிப் பேசிவிட்டேன். தொலைவில் இருக்கிறவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பெரியம்மா இந்தப் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தார். ஆனாலும் அவரும் இந்தப் பாடசாலையின் பழைய மாணவிதான். சங்கத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இன்று இந்த மண்டபத்திலாவது அவரை நினைத்துக்கொள்ள ஓர் இடம் கொடுத்தீர்கள்.